‘அப்புறம்’ அண்ணன் கேட்ட நாவல்

ஓர் எழுத்துகூட ஆங்கிலம் தெரியாமல் ஓர் ஆங்கில நாவலை முழுசாகக் கரைத்துக் குடித்த ஒரே மனிதர், தமிழ்நாட்டிலேயே ‘அப்புறம்’ அண்ணன்தான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தார். யார் எதைச் சொன்னாலும் “அப்புறம்?” என்பார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் மெஸ் முதலாளிக்கே தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பிரைவேட்டாக பி.ஏ. எழுதி, ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். கீரமங்கலத்து மாமா கறாராகச் சொல்லிவிட்டார்: “மாப்ளே, இந்தத் தடவையும் போச்சுன்னா வள்ளிக்கு வேற எடம் பாத்துருவேன். பொறகு என்னையச் சொல்லிக் குத்தமில்லை.”

அந்த வருஷம் பாடமாக வந்தது ஒரு பயங்கர நாவல். ஜனங்கள் என்ன பேசுகிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சகலத்தையும் சர்க்கார் கண்காணிக்கிற ஒரு தேசம். கதாநாயகனுக்குத் தபாலாபீசில் வேலை. அடுத்தவர் கடிதங்களைப் பிரித்துப் படித்து மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும்.

இலைக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, அண்ணன் வாளியோடு வந்து நின்றார்.

“என்னங்க சார் கதை?”

சொன்னேன்.

“அடப்பாவி! அடுத்தவுங்க லெட்டரையா? அப்புறம்?”

அன்றிலிருந்து கதை சொன்னால்தான் எனக்கு ரசம். படிக்காமல் போனால், “படிச்சுட்டு வாங்க சார், ரசம் எங்கிட்டும் போயிராது” என்று அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். பயந்துபோய்ப் படித்தேன். குறுக்கு விசாரணை வேறு. “பக்கத்து வீட்டுக்காரன் போட்டுக் குடுத்தான்னு நேத்துச் சொன்னீங்க. இன்னைக்கு அவன் நல்லவன்ங்கிறீங்க?” அறைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்தால் அவர் கேட்டதுதான் சரியாக இருக்கும்.

நாலே நாளில் மெஸ் முழுக்கக் கதை கேட்டது. கதாநாயகன் ஒரு கடிதத்தை மேலிடத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த அன்று, மணமேல்குடி பஸ் கண்டக்டர் எழுந்திருக்கவே இல்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். கதாநாயகனைக் கைது செய்த நாளில் அண்ணன் என் மோர் சாதத்தில் சாம்பாரை ஊற்றினார். நானும் கவனிக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

கடைசி அத்தியாயம். அடி தாங்காமல் கதாநாயகன் உயிர் நண்பனையே காட்டிக் கொடுத்துவிடுகிறான்.

“கோழைப் பயண்ணே,” என்றேன். கடையில் வாங்கிய நோட்ஸிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

அண்ணன் ஊற்ற எடுத்த கரண்டியைத் திரும்ப வாளிக்குள் போட்டார்.

“அப்படிச் சொல்லாதீங்க சார். ஜப்பான்காரன் காலத்துல நான் மலாயாவுல இருந்தேன். தொங்கவிட்டு அடிச்சான். மூணாம் நாள் கூட்டாளி பேரைச் சொல்லிட்டேன். அவன் திரும்பி வரலை. பயந்தவனை வையிறதுக்கு ஊரே இருக்கு சார். பயமுறுத்துனவனை யாரு கேட்டா?”

சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

பரீட்சையில் முதல் கேள்வியே, கதாநாயகன் கோழையா என்பதுதான். நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதினால் பாஸ் நிச்சயம். வள்ளியின் முகம் கண்ணில் வந்து போனது. அண்ணன் முகமும் வந்தது, ஆனால் போக மாட்டேன் என்றது. வருவது வரட்டும் என்று, அவன் மேல் குற்றமில்லை, அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மேல்தான் குற்றம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆறு பக்கம் எழுதித் தள்ளினேன்.

பாஸ்! லட்டுப் பொட்டலத்தோடு மெஸ்ஸுக்கு ஓடினேன்.

“அண்ணே, ஒங்களாலதாண்ணே பாஸ். அவன் மேல தப்பில்லைன்னு எழுதுனேன்.”

அண்ணன் லட்டைத் தொடவில்லை.

“படிச்ச பெரியவுங்க... ஒத்துக்கிட்டாங்களா சார்?”

“மார்க்கே போட்டுட்டாங்கண்ணே!”

வாளியைக் கீழே வைத்தார். நான் பார்த்தவரையில் முதல் முறையாக, சாப்பிடுகிறவர்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் துண்டை எடுக்கவே இல்லை.

இன்றைக்கும் வள்ளி எனக்கு இலை போடும்போதெல்லாம், அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.