பேட்டரிச் சித்தரின் பட்டுத்துணி

ஆயுத பூசை முடிந்து ஒரு மாதமாகியும் கங்கைகொண்டான் ரோட்டில் கூட்டம் குறையவில்லை. வந்தவர்கள் கைக்குழந்தையைப் போல ஏந்தி நின்றதெல்லாம் டிரில்லிங் மிஷின்! வயரில்லாமல் பேட்டரியில் ஓடுகிற வகை. சார்ஜரில் மாட்டினால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது, சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. அதற்குப் பரிகாரம் செய்பவர் மின்கலச் சித்தர். போன வருஷம் வரை செல்போன் கடையில் கவர் விற்றவர். ஞானம் எந்த அலமாரியிலிருந்து கிடைத்ததென்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் அருணாசலமும் மனைவி ஆவுடையும் நின்றார்கள். காஜா முகைதீன் வீட்டுக் கல்யாணத்துக்கு அலமாரி மாட்டித் தருவதாக அருணாசலம் வாக்குக் கொடுத்திருந்தான். இன்று மாலைக்குள் மாட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

சித்தர் பேட்டரியை வாங்குவார். பட்டுத்துணிக்குள் வைத்து முணுமுணுத்தபடி அழுத்தித் தேய்ப்பார். சார்ஜரில் மாட்டினால் பச்சை விளக்கு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "செவ்வாய்க்குச் செவ்வாய் இதன் வாயில் சந்தனம் சாத்து" என்று அருள்வாக்கும் வரும். சாத்தினார்கள். அடுத்த வாரமும் வந்து நின்றார்கள். என்ன பக்தி!

அருணாசலத்தின் முறை வந்தது. சித்தர் கண்ணை மூடினார்.

"முற்றிய தோஷம். மிஷினைச் சந்நிதிக்குக் காணிக்கையாக வைத்துவிடு."

இருப்பது ஒரே மிஷின். அதையும் நீட்டப் போனான் அந்தப் புண்ணியவான். ஆவுடை அவன் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க. சாமி, ஒரு சந்தேகம். துணியத் தொடாம மந்திரம் மட்டும் சொல்லுதியளா? நான் மந்திரம் இல்லாம துணிய மட்டும் வச்சுப் பாக்கேன்."

"அபச்சாரம்!"

"ஏளா, சும்மா இரு. சாமி கோவிச்சுக்கிடும்" என்றான் அருணாசலம். ஆனால் பின்னால் நின்ற எலக்ட்ரீசியன் ஜாஸ்பர் தன் பேட்டரியையும் நீட்டிவிட்டான்.

"சொல்லட்டும் வே! மந்திரத்துக்குத் துணி எதுக்கு?"

கூட்டமும் அதையே கேட்டது. வேறு வழியில்லை. சித்தர் ஜாஸ்பரின் பேட்டரியைப் பலகையில் வைத்து, தொண்டை கிழிய மந்திரம் சொன்னார். சார்ஜரில் மாட்டினார்கள். சிவப்பு.

ஆவுடை கணவனின் பேட்டரியைத் திருப்பினாள். கம்பி சேரும் இடுக்கெல்லாம் காய்ந்த சந்தனம். பைக்குள்ளிருந்து பழைய டூத் பிரஷை எடுத்துச் சுரண்டினாள், உலர்ந்த துணியால் துடைத்தாள். மாட்டினாள். பச்சை!

"சந்தனம் அடைச்சா கரண்டு எப்படிங்க போகும்? இவரு தொடைச்சி அனுப்புதாரு, நீங்க போயி மறுபடியும் பூசுதிய. வெயில்ல வேல செஞ்சு, சூடு ஆறாமலே மாட்டுதிய. சூடா இருந்தா சார்ஜர் ஏத்தாது. இங்கன வேப்பமர நிழல்ல காத்துக் கெடக்கையில தன்னால ஆறிடுது. அதுக்குப் பேரு அருளா?"

சித்தர் சளைக்கவில்லை. "சந்தேகப்பட்டால் மந்திரம் பலிக்காது!"

"அவுக சந்தேகப்பட்டுத்தாம்வே தொடைச்சாக. அது பலிச்சிட்டே!" என்றான் ஜாஸ்பர்.

சிரிப்பு அடங்குமுன் சித்தர் பட்டுத்துணியோடு சந்நிதியின் பின்வாசல் வழியாக மறைந்துவிட்டார். மாலைக்குள் அலமாரி சுவரில் ஏறியது. இராத்திரி அருணாசலம் பழக்க தோஷத்தில் சார்ஜரை மெத்தைமேல் வைத்தான். ஆவுடை முறைத்தாள். சூடேறித் தீப்பிடித்தால் எந்தச் சித்தர் வந்து அணைப்பார்? வெறுந்தரைக்கு இறக்கினான்.

பேட்டரியில் பூசிய சந்தனத்துக்குப் பழைய பிரஷ் போதும். மூளையில் அப்பியதை அவரவரே சுரண்டிக்கொள்ள வேண்டும். தயவுசெய்து அதற்கும் போய் வரிசையில் நிற்காதீர்கள்!