வெற்றிலை பாக்குக்கு முன் ஆறு ஜி.பி.

வேப்பந்தட்டை.

மதிப்பிற்குரிய பாப்பாத்தி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் வளர்மதி வணங்கி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, மக்காச்சோளம் மூவரும் நலம். அங்கு நீங்களும் முந்திரிக் காடும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை எனக்கும் உங்கள் மகன் கலைவாணனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா அத்தை? போனில் எனக்குக் குரல் வராது, உங்களுக்கே தெரியும். என் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று உங்கள் மகன் பெரம்பலூரில் தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப்போய், இரண்டே நாளில் திருப்பித் தந்தார். காசு வாங்கவில்லை, அங்கேயே எனக்கு உறுத்தியது. மறுநாள் பார்த்தால் டிஸ்க்கில் இடமில்லை, சிவப்புக் கோடு. துருவியதில் மறைத்து வைத்த ஃபைல் ஒன்று அகப்பட்டது. ஆறு ஜி.பி.! திறக்க முடியவில்லை. அழிக்கப் போனால், வேறு எங்கோ திறந்திருக்கிறதாம். எங்கே, பெரம்பலூரிலா? அது கடைசியாக மாறிய நேரம் மதியம் ஒன்றரை. அப்போது நானும் அம்மாவும் காட்டில் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் அப்பா மட்டும். அவருக்கு லேப்டாப்பில் தெரிந்தது ஒன்றுதான்: திறந்திருந்தால், "மூடி வெச்சா கரண்டு மிச்சம்" என்று மூடுவது.

உங்கள் மகனிடம் தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"அது தூங்குற ஃபைல் புள்ள, நோண்டாத."

"தூங்குறதுக்கு ஆறு ஜி.பி. எதுக்கு மாமா?"

சிரித்தார். அதற்குள் எந்தப் பெண்ணுடைய போட்டோக்களோ! அம்மாவிடம் சொன்னேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லாம சிரிக்கிறவன நம்பாதடி. ஒங்கப்பாவும் அப்படித்தான் சிரிச்சாரு" என்றார்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியும் வேண்டும், பதிலும் வேண்டும்.

இப்படிக்கு,
வளர்மதி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் உங்கள் மகனே வந்து நின்றார். லேப்டாப்பின் நான்கு ஜி.பி. ரேம் நினைவகத்தை எனக்குச் சொல்லாமலே பதினாறாக்கியிருக்கிறார், ஆச்சரியப்படட்டும் என்று. லேப்டாப்பை மூடினால், திறந்திருப்பதையெல்லாம் கரண்ட் இல்லாமல் காப்பாற்றுவதற்காக எழுதி வைக்கும் ஃபைலாம் அது. நினைவகம் வளர்ந்ததும் அதுவும் வளர்ந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு மூடியவர் அப்பா. உங்கள் மகன் ஒரே ஒரு வரி அடித்தார். ஃபைல் போய்விட்டது, இடம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே வாருங்கள் அத்தை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் அப்பா முந்திக்கொண்டு, "மாப்ள, ஒங்கம்மாவுக்கு லெட்டர் எழுதியிருக்கா, கையோட கொண்டு போயிரு" என்றுவிட்டார். ஒட்டித் தருகிறேன் என்று உள்ளே வந்து இதை எழுதுகிறேன். பசை நிறையவே தடவி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கவரின் ஓரம் பிரிந்திருந்தால் மட்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம்.