பேர்னாட்டுக்கு ஒரு போஸ்டர்

"தம்பி, வெள்ளச் சேட்டுப் போட்ட ரெண்டு பேர் வந்து எங்கட வாசல்ல இருக்காங்க. எத்தின மணிக்கு எடுக்கிறதெண்டு கேக்கிறாங்க," என்றார் அஞ்சலா அன்ரி தொலைபேசியில்.

"ஆரை அன்ரி?"

"உங்கட அங்கிளத்தான்."

"அங்கிள் எங்க?"

"இஞ்சதான், பாண் திண்டுகொண்டிருக்கார்."

ஜொய்சன் மேசையில் கிடந்த போஸ்டரை எடுத்துப் பார்த்தான். மட்டக்களப்பில் கிராஃபிக் டிசைன் படிக்கும் அவனுக்கு இறுதிப் பயிற்சியே இந்தப் போஸ்டர்தான். உண்மையான தொழில் ஒன்றுக்குச் செய்து ஊரில் ஒட்டவேண்டும். அதைப் பார்த்து ஒருவராவது ஓடர் கொடுக்கவேண்டும். மத்தியானம் விரிவுரையாளர் றிஸ்லா மிஸ் நேரில் வருகிறார். ஓடர் இல்லையென்றால் பரீட்சையில் சித்தியில்லை. சித்தியில்லையென்றால் கத்தாருக்கு வேலைக்கு அனுப்ப அப்பா ஆள் பார்த்தே வைத்திருந்தார்.

அஞ்சலா அன்ரியின் கணவர், தன்னாமுனைக் கலியாணச் சமையல்காரர் பேர்னாட் அங்கிளை அவன் பிடித்தது ஊரறிந்த ஆள் என்ற நம்பிக்கையில்தான். வகுப்பில் படித்தபடி எல்லாம் அளவோடு: வெள்ளைப் பின்னணி, மெல்லிய கறுப்புக் கரை, நடுவில் கறுப்பு வெள்ளைப் படம். கீழே பெயர், அவர் தொழில் தொடங்கிய வருடம், ஒரு கோடு, இந்த வருடம். சமையல் என்பதை எறும்பளவு எழுத்தில் போட்டான். அங்கிளின் வழுக்கையில் தாராளமாக முடியும் நட்டான். ஊர் மதில்களில் அப்படி ஒட்டப்படுவது ஒரே வகைப் போஸ்டர்தான் என்பது பாவிக்கு இப்போதுதான் உறைத்தது.

கலர் இல்லாததுதான் குறை என்று நினைத்தான். ஓடிப்போய்ப் பூக்களை அச்சிட்டுப் படத்தைச் சுற்றி ஒட்டினான். சற்று நேரத்தில் பேர்னாட் வீட்டுக்கு மலர்வளையம் வந்தது. விளையாட்டுக் கழகப் பொடியன்மார் வந்து கதிரை அடுக்கினார்கள்.

"அங்கிள், நீங்க சந்தியில போய் நில்லுங்க. உயிரோட இருக்கிறதச் சனம் காணட்டும்," என்றான் அங்கு ஓடிவந்த ஜொய்சன்.

பேர்னாட் போய் நின்றார். எந்நேரமும் தலைத்துண்டோடு திரிந்தவர் வெறும் வழுக்கையோடு நிற்க, அவ்வழி வந்த யாருக்கும் பேர்னாட்டை அடையாளம் தெரியவில்லை. துக்கம் சொல்லி இழுத்துக் கட்டிப்பிடித்தார்கள்.

திரும்பி வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "கனடாவில இருந்து எப்ப வந்தீங்க, தம்பிட முகத்தப் பாக்கக் கிடைச்சுதா எண்டு கேக்கிறாங்கடா. அண்ணன் கனடா போய் இருவது வருசம். அவன்ட மூஞ்சி எனக்கே மறந்து போச்சு."

ஜொய்சன் விடவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பேர்னாட் நலமாக இருக்கிறார் என்று ஏறாவூர் வரைக்கும் அறிவிக்கச் சொன்னான். ஊரில் ஆட்டோவில் ஒலிபெருக்கி வருவது செத்தவீடு சொல்லத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். "தன்னாமுனையைச் சேர்ந்த திரு. பேர்னாட் அவர்கள்" என்று குரல் தொடங்கியதுமே சனம் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை, உடுப்பு மாற்ற உள்ளே போய்விட்டது.

மத்தியானம் வளவு நிரம்பி வழிந்தது. பெட்டி இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை என்று தங்களுக்குள்ளேயே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

"வந்த சனத்தப் பசியோட அனுப்ப ஏலாது," என்றார் அஞ்சலா அன்ரி.

பேர்னாட் அடுப்பு மூட்டப் போனார். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று நாலு பேர் தடுத்தார்கள். அவர் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போய்ச் சமைத்தார். எல்லாரும் சோகத்தோடு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து றிஸ்லா மிஸ் வந்து சேர்ந்தார்.

"ஜொய்சன், ஓடர் ஏதும் வந்ததா?"

"சனம் வந்திருக்கு மிஸ்," என்றான். கத்தார் வெயில் இப்போதே முதுகில் சுட்டது.

அப்போது கந்தப்போடியார் கை கழுவிவிட்டு வந்தார். வயல்வட்டை நிறைய உள்ள பெரிய மனிதர், வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் பேர்னாட்டைத்தான் கூப்பிடுகிறவர். அகப்பையோடு நின்ற பேர்னாட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆவணியில மகள்ட கலியாணம், கனடாவுக்குப் போகாம நிண்டு நீங்கதான் சமைச்சித் தரணும். உங்கட தம்பிட சமையல் வாயில வைக்க ஏலாது; மனம் நோகுமெண்டு இவ்வளவு காலமும் வேற ஆளப் புடிக்கல்ல, போஸ்டரக் கண்டாப்போலதான் ஆறுதலா மூச்சு விட்டம்."