சட்டைப் பையில் சிரிப்பவர்கள்

மனிதர்களில் பல் உள்ளவர்கள், பல் இல்லாதவர்கள் என்று இரண்டே வகை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவது வகை ஒன்று உண்டு. பல்லைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள். இவர்களைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம்.

நம்மவர் ஆசை ஆசையாய் அளவு கொடுத்து, மெழுகைக் கடித்துக் காட்டி, நாலைந்து முறை நடையாய் நடந்து பல்செட் வாங்கியிருப்பார். முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று இளித்து இளித்துப் பார்ப்பார். இரண்டாம் நாள் ஈறில் ஓரிடம் உறுத்தும். மூன்றாம் நாளிலிருந்து பல்செட்டின் விலாசம் சட்டைப் பை, கைக்குட்டைக்குள். யாராவது படம் எடுக்க வந்தால் சட்டென்று திரும்பி நின்று, இருமுவதுபோல் வாயைப் பொத்தி, மாட்டிக்கொண்டு முகத்தைக் காட்டுவார். பத்து வயது குறைந்திருக்கும். படம் எடுத்தாயிற்றா? மறுபடி ஓர் இருமல். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அந்தப் பல் வராது. சாப்பிடுவதற்குப் பல் எதற்கு?

பல் டாக்டரிடம் போவது தனிக் கூத்து. அந்தம்மா படித்துப் படித்துச் சொல்லியிருப்பார்: வருவதற்கு முதல் நாள் முழுக்கப் போட்டிருங்கள், உறுத்துகிற இடம் சிவந்து காட்டிக்கொடுக்கும், அதற்கு நேராகப் பல்செட்டை ராவிவிடுகிறேன் என்று. நம்மவரோ ஒரு வாரம் முன்பே கழற்றிவைத்து, புண்ணை நன்றாக ஆற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் ஓர் இருமல் இருமி மாட்டிக்கொண்டு உள்ளே போவார். டாக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடு தேடென்று தேடுவார். வலிக்கிறதா என்று கேட்பார். இல்லவே இல்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது என்பார் நம்மவர். டாக்டர் மனம் நோகக் கூடாதாம். வீட்டுக்கு வந்ததும், அந்தம்மாவுக்குத் தொழிலே தெரியவில்லை என்று ஒரு தீர்ப்பு.

இப்படி ஐந்து முறை போய்வந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு மதியம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள். உன் வீட்டில் நீயே ஏன் ஒளிந்து தின்கிறாய் என்று கேட்டேன்.

"உங்க முன்னாடி கடிச்சா உங்களுக்கு ஏக்கமா இருக்குமே. மூணு வருஷமா உங்களுக்குக் குழைச்சு வெக்கிறதைத்தான் நானும் முழுங்கிட்டிருக்கேன். எனக்குப் பல்லு இருக்குங்கிறதே மறந்துபோச்சு."

சொந்தப் பல் ஒன்றுகூட ஆடாதவள். அவளையும் பொக்கைவாய்க்காரி ஆக்கிவிட்டு, கடலை தின்னக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் முழுக்க, கண்ணில் தண்ணீர் வந்தபோதும் கழற்றவில்லை. அதற்கு அடுத்த நாள் அப்படியே போய் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தேன். பார்த்ததுமே கண்டுபிடித்து, இரண்டு நிமிடம் ராவினார். மூன்று வருஷத்து வலி அவ்வளவுதான்.

"இதை முதல் தடவையே காட்டியிருக்கலாமே சார்?" என்றார்.

நான் இருமினேன்.

அன்று மாலை நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து கடலை தின்றோம். எனக்கு ஒரு கடலைக்கு ஒரு நிமிடம் ஆனது. அவள் சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.

உங்களுக்குப் பல்லெல்லாம் கெட்டி, இது உங்கள் கதை இல்லை என்கிறீர்கள். சரி. ரத்தப் பரிசோதனைக்குப் போவதற்கு முன் நாலு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று வீட்டில் சீட்டை நீட்டுகிறவர் யார்? உங்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் நிற்கலாம். போய்ப் பாருங்கள். போகும்போது இருமாதீர்கள்.