வலது கைக்குள் என் கடைப் பெயர்

பழவேற்காடு,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சிக்கந்தர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம், என் மானத்தைத் தவிர. மீஞ்சூரில் நீங்களும் என் தங்கச்சியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் வந்து உங்கள் மகள் நுஸைபாவை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

உடை வடிவமைப்பு படித்த பெண், ஏரியில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சட்டை தைக்கிறேன் என்றாள். ஊசி நூலெல்லாம் என் கடையிலேயே எடுத்துக்கொள் என்றேன். தொளதொளவென்று ஒரு சட்டை, அந்தச் சட்டைக் கைகளின் முனை மூடித் தைத்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தடவிப் பார்க்க வேண்டும். இடது கை பழைய ஏரி, வலது கை இப்போதைய ஏரி. நேற்று கடை வாசலில், பிள்ளைகள் சுற்றி நிற்க, "மாமா, நீங்க போட்டுப் பாருங்க"ன்னு மாட்டிவிட்டாள்.

இடது கைக்குள் என்னத்தை வைத்தாளோ மச்சான், நனைந்த மல்துணியோ, மணல் பையோ, பாசி மாதிரி நூலோ, நாம் ரெண்டு பேரும் தோணிரேவுப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவினோமே, விரலிடுக்கில் இறால் துள்ளுமே, நீங்கள் பிடித்ததைக் கைலி மடிப்பில் போட, அது உள்ளே இறங்கிவிட, நீங்கள் ஆடிய ஆட்டத்தில் படகுக்காரர் வலையை விட்டுவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சேறு அப்படியே கைக்கு வந்தது. கையை எடுக்க மனசே வரலை.

வலது கையிலதான் வம்பு. சரசரன்னு கவர், அறுந்த நைலான் வலை. என் கடிகாரம் அதில் சிக்கிக்கொண்டது. மீன்காரி ராஜம்மா, "இன்னா பாய், வலைல நீயே மாட்டிக்கினியா?"ன்னு ஒரே இழுப்பு. சட்டைக் கையின் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. அதில் தைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் பளபளவென்று 'ஜலீல் ஸ்டோர்ஸ்'. சைக்கிளில் சாமான் விற்றுக் கடை வைத்தவன் ஆசைப்பட்டு அச்சடித்த பெயர். அந்தக் கவரை நிறுத்திப் பல வருஷமாச்சு, ஏரிக்குள் கிடந்தும் எழுத்து அழியவில்லை. பிள்ளைகள் சத்தமாகப் படித்தார்கள். "பிரிச்சு எடும்மா" என்றால், "அதுதான் மாமா பாடமே" என்கிறாள். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊரே கூடும். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என் வீட்டுக்காரி மெஹருன்னிசா ஸலாம் சொல்லச் சொன்னாள். அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத்தை இறக்குவானாக.

இப்படிக்கு,
மைத்துனன் ஜலீல்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம், நுஸைபா இருக்கட்டும். சற்றுமுன் பிள்ளைகள் ஏரியில் பொறுக்கிய கவர்களை அள்ளிவந்து, "இந்தா பாய், உன் சரக்கு"ன்னு கடைக்குள் கொட்டினார்கள். விற்றதைத் திரும்ப வாங்குகிற ஆள் நான் இல்லை, உங்களுக்கே தெரியும். வாங்கிக்கொண்டேன்.