இருபது நிமிடம் முந்திக்கொண்ட பல்பு

"உபயோகிக்கும் முறையைப் படித்த பிறகே பயன்படுத்தவும்" என்ற வரியை எத்தனை பட்டாசுப் பெட்டிகளுக்கு டைப் செய்து கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிவகாசி அச்சகம் ஒன்றில் லேபிள் வடிவமைப்பது என் வேலை. ஆனால் நான் வாங்கிய எந்தப் பொருளுக்கும் அதைப் படித்ததில்லை. (ஊருக்குத்தானே உபதேசம்!)

தீபாவளியும் ரம்ஜானும் அடுத்தடுத்து வந்த வருடங்களில் ஒன்று அது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். விருதுநகர் கடைத்தெருவில் இருந்த வாடகை வீட்டை விட்டு, சூலக்கரைப் பக்கம் புதுவீட்டுக்கு வந்திருந்தோம். காற்றோட்டம், தண்ணீர் எல்லாம் உண்டு. பள்ளிவாசல் பாங்குச் சத்தம் மட்டும் அங்கே எட்டாது. "நோன்பு திறக்க நேரம் ஆச்சா இல்லையான்னு எப்படிடா தெரியும்?" என்று அம்மா புலம்ப, நான் களத்தில் இறங்கினேன்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிஜிட்டல் டைமர் ஒன்று பீரோவில் கிடந்தது. பிளக்கில் சொருகி, நேரம் குறித்துவிட்டால் அதுவே லைட்டைப் போடும். தீக்குச்சி முனையால்தான் அழுத்த முடியும் என்கிற அளவுக்குச் சின்னச் சின்னப் பொத்தான்கள். எல்லாவற்றையும் அழுத்தினேன். சிலவற்றை இரண்டிரண்டாக அழுத்தினேன். கடைசியில் பள்ளிவாசல் நோன்பு அட்டையில் இருந்த நோன்பு திறக்கும் நேரம் திரையில் வந்து நின்றது. ஹாலில் இருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் பச்சை பல்பைத் தொங்கவிட்டேன்.

"ஏங்க, மூலையில ஆர்.என்.டி.ன்னு ஒண்ணு மின்னுதே, அது என்ன?" என்று கேட்டாள் என் மனைவி மும்தாஜ்.

"ரம்ஜான் நோன்பு டைம். நம்ம ஆளுகளுக்குன்னே தயாரிக்கிறான்."

"டைமுக்கு டீச்சர்ல வர்ற 'டீ' இல்ல வரணும்? இது டாடில வர்ற 'டி'யா இருக்கே."

"துபாய் இங்கிலீஷ்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து மாமனார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தார். நாற்பது வருடமாக ஒரு நோன்பைக்கூட விடாதவர். என் அத்தாவின் (அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) மிளகாய் மண்டிக்குத் தன் காட்டில் விளைந்த வற்றலைப் போடும் எம். புதுப்பட்டி சம்சாரி பெருமாள்சாமி மாமாவும் வந்திருந்தார். "ஒரு நாளாச்சும் மச்சானோட சேந்து பட்டினி கெடக்கேன்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டு, விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தார். வெளியே ஐப்பசி மேகம் இருட்டிக்கொண்டு நின்றது.

எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்தோம். பல்பு எரிந்தது.

"அடடே!" என்று மாமனார் என்னைப் பெருமையாகப் பார்த்தார். ஆறு மாதத்தில் அதுதான் முதல் முறை.

"மருமகனே, என் வாச்சில இன்னும் இருவது நிமிசம் கெடக்கே" என்றார் பெருமாள்சாமி மாமா.

"மாமா, ஒங்க வாச்சு சாவி குடுக்கிறது. இது டிஜிட்டல்."

சிரித்துக்கொண்டே பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்தோம். கஞ்சி போயிற்று. வடை பாதி போயிற்று. அப்போது பள்ளிவாசல் கஞ்சித் தூக்குவாளியோடு மொபெட்டில் வந்து இறங்கினார் என் சின்னத்தா, அத்தாவின் தம்பி.

"நல்லவேளை, இன்னும் பத்து நிமிசம் இருக்கு! எங்கே பிந்திருவேனோன்னு..."

வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் வாயெல்லாம் வடை. போதாக்குறைக்கு மேற்கே மேகம் விலகி, சூரியன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

மாமனார் பாதி வடையைத் தட்டில் வைத்தார். வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏலே, என்ன எளவுடா இது?" என்றார் அத்தா.

மும்தாஜ் பீரோவைத் திறந்து, கசங்காத குறிப்புத் தாளை எடுத்து வந்து சபையில் வாசித்தாள். ஆர்.என்.டி. என்றால் ரேண்டம். வெளியூர் போகிறவர்கள் வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடனை நம்பவைக்க, குறித்த நேரத்துக்கு முன்னேயோ பின்னேயோ தன்னிஷ்டத்துக்கு விளக்கை எரியவிடும் வசதி.

"அப்ப திருடன ஏமாத்துற மிசினா?" என்றார் பெருமாள்சாமி மாமா. "திருடன் ஒருத்தன்தான் ஏமாறப் பாக்கி."

வாயைக் கொப்பளித்துவிட்டு, மிச்சமிருந்த நேரம் முழுக்கச் சின்னத்தா கொண்டுவந்த கஞ்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முப்பது நாள் நோன்பைவிட அந்தப் பத்து நிமிடம் நீளம்.

அந்த நோன்பு செல்லாது, ரம்ஜான் பெருநாளுக்குப் பிறகு அதற்கு ஈடாக ஆளுக்கொரு களா நோன்பு வைக்க வேண்டும் என்று இமாம் சொல்லிவிட்டார். "எனக்கும் ஒண்ணு பாக்கியா மச்சான்?" என்று கேட்டார் பெருமாள்சாமி மாமா. "நீ சொன்னதக் கேட்டிருந்தா எங்களுக்கே பாக்கி இருந்திருக்காதே. ஒனக்கு எதுக்குப்பா?" என்றார் அத்தா. பெருமாள்சாமி மாமா கேட்கவில்லை. நாங்கள் களா வைத்த அன்றும் கூடவே பட்டினி கிடந்தார். நோன்பு திறக்கும் நேரத்தில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி விரிப்பின் நடுவில் வைத்தார். மாமனார் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல் பேரீச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்தார். எனக்குக் கடைசிப் பழம்.

அன்றிலிருந்து இருவரும் தோஸ்து. ஒவ்வொரு வருடமும் பெருநாள் கழிந்ததும் எம். புதுப்பட்டியிலிருந்து போன் வந்துவிடும்: "பல்பு நோன்பு என்னைக்கு?" மாமனார் நாள் குறிப்பார், இருவரும் ஒரு நாள் நோன்பு வைப்பார்கள். எங்கள் பிள்ளைகள் ரொம்ப காலம் அதையும் மார்க்கத்தில் உள்ளது என்றே நம்பியிருந்தார்கள். சின்னவள் மதரஸாவில், நோன்பு மொத்தம் எத்தனை என்று ஹஜ்ரத் கேட்டதற்கு, "முப்பத்தியொண்ணு, கடைசி ஒண்ணு எங்க அத்தாவால வந்தது" என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்.