மூன்றடி கூடுதல்

இறக்கி வைத்த நான்கு கூரைக் கண்ணாடிகளும் மூன்றடி கூடுதல் நீளமாக இருந்தன. தையல்காரர் டேப்பை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் பதிமூன்று.

பனியில் கருகாமல், மழையில் அழுகாமல் மனைவியின் செடிகள் பிழைக்கட்டும் என்று பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அவரே படம் போட்டு, அவரே இடம் அளந்து, போனில் அளவும் சொல்லியிருந்தார். இடம் பத்தடிதான்.

"எனக்கு வந்த அளவு பதிமூணு சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

"வெட்டிடுங்க."

"துணியா சார் வெட்டறதுக்கு? சூடுபோட்டு இறுக்கின கண்ணாடி. கை வச்சா கல்கண்டு மாதிரி உதிர்ந்துரும்."

இருபத்தெட்டு வருடத் தொழிலில் ஒரு சட்டைக் கை நீண்டதில்லை. அன்று கடைக்கு வந்தவரின் கழுத்தை அவர் ஐந்து தடவை அளந்தார். "கழுத்து ஒண்ணுதாங்க" என்றார் வந்தவர்.

மறுநாள் கண்ணாடிகளை நல்ல சரிவாகச் சாய்த்து, பத்தடிக்குள் அடக்கினார்கள். தாழ்ந்த முனை இடித்ததில் சமையலறைக் கதவு பாதிதான் திறந்தது.

"என்னங்க, நான் உள்ள வரணும்னா இளைக்கணும்" என்றாள் மனைவி.

கதவைக் கழற்றினார். அன்றைக்கே மழை. சரிவில் வழுக்கி வந்த தண்ணீர் நேராகச் சமையலறைக்குள் போய், அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹாலுக்கு வந்தது.

சரிவைத் திருப்பிப் போட்டார்கள். அடுத்த மழை, சுவரைத் தாண்டி, அந்தப் பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டிகள் மேல் கொட்டியது.

அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் வீடு. அண்ணன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆறு வருடத்துக்கு முன்பு வீட்டைப் பிரித்தபோது, வாத்தியாரின் அடிக்கோலும் தையல்காரரின் டேப்பும் ஒரு சாண் வித்தியாசம் காட்டின. அந்தச் சாணில் எழுந்த சுவர் அது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"அவர் வேட்டியெல்லாம் நனைஞ்சிருச்சாம்" என்று சுவருக்கு மேலே அண்ணி முகம் காட்டினாள்.

"இனி ஒரே வழிதான் சார். இந்தச் சுவரை எடுத்துட்டா கண்ணாடி சரியா உக்காரும்" என்றார் கண்ணாடிக்காரர்.

தையல்காரர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒத்திகை பார்த்து வந்ததில் இரண்டு சொல்தான் வெளியே வந்தது.

"மூணடி வேணும்ணே."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு சாணுக்கு மல்லுக்கு நின்னவன் மூணடி கேக்கறியா?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் செடியும்தான் பனியில கருகுது" என்றார் வாத்தியார், வேறெங்கோ பார்த்தபடி. "அதுக்கும் இடம் இருக்குமா?"

"இருக்கும்ணே. அளவ மட்டும் நீ எடுத்துடு. என் கை இப்பல்லாம் சரியில்ல."

"உள்ள வாடா முதல்ல."

சுவர் ஒரே நாளில் இறங்கியது. கண்ணாடிகள் படிந்து உட்கார்ந்தன. கீழே இரண்டு வீட்டுத் தொட்டிகளும் கலந்துவிட்டன. எந்தத் தொட்டி எங்கே என்று அண்ணனும் தம்பியும் சளைக்காமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனைவியும் அண்ணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள்.

ஏணி மேல் நின்று கண்ணாடி இணைப்புகளில் பசை பூசிக்கொண்டிருந்தவரை மட்டும் தையல்காரர் விடவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குப் போன்ல நான் எவ்வளவு சொன்னேன்?"

கண்ணாடிக்காரர் கடைசி இணைப்பையும் பூசி முடித்துவிட்டு நிதானமாக இறங்கினார்.

"பத்துன்னுதான் சார் சொன்னீங்க, மறுநாள் இந்த ரெண்டு அம்மாவும் சேர்ந்து வந்து பதிமூணா போடுங்க, சுவர் இறங்கற வரைக்கும் வாயத் திறக்காதீங்கன்னாங்க."